கேப்டன் தலையாட்டினார்

கப்பல் ஏஜென்சி வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு யாராவது அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கிரேக்கக் கேப்டன் கத்துவான், கத்தி முடித்ததும் காபி கொடுப்பான். கொரியாக்காரன் மேலிடத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். பிலிப்பைன்ஸ்காரன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான், ஜெர்மன்காரன் எதற்கும் சிரிக்க மாட்டான். கருங்கடல் பக்கத்துக்காரர்கள் பிடிவாதம் பிடித்தவர்கள், முதலில் முறுக்குவார்கள், விடாமல் அழுத்தினால் மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த சீனியர் கெட்டவர் இல்லை. வேலையில் கெட்டிக்காரர். புதிதாக வரும் கப்பலில் ஏறுவதற்கு முன் கேப்டன் எந்த நாட்டுக்காரர் என்று மட்டும் பார்ப்பார். அதற்குத் தகுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏணி ஏறுவார். நானும் பல வருடங்கள் அப்படியே ஏறினேன். பல தடவை அது சரியாகவும் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. கப்பல் ஏஜென்சியில் நமக்கு ஒரு கேப்டனோடு பழகக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள முடியாது, நாட்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் சொன்னால், எனக்கு உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் ஒரே ஒரு கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், எண்ணூர்ப் பக்கத்துத் துறை ஒன்றுக்கு மரம் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. பட்டை உரிக்காத பெரிய பெரிய அடிமரங்கள். கப்பலின் கேப்டன் பல்கேரியாக்காரர், பெயர் ஸ்தோயன். ஐம்பது வயதைத் தாண்டியவர், கட்டை குட்டையான உடம்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. கடல்காரர் என்பதைவிடத் தபால் ஆபீஸ் கிளார்க் என்று சொன்னால் நம்பலாம்.

சரக்கு இறக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் ஜெபராஜ். தெற்கே நாசரேத் பக்கத்து ஆள். அவருடைய குடும்பத்துக்குத் தண்டையார்பேட்டையில் மொத்த மளிகைக் கடை இருந்தது. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் துறைமுக வேலைக்கு வந்தவர். மரத்துக்குக் கம்பிக் கயிறு மாட்டிக் கிரேனுக்குக் கொடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி தாஸ். தாஸ் எங்கள் ராயபுரத்துப் பையன், எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன், எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவனுடைய ஆட்களில் ஒருவன் குமார். தாஸின் தங்கையைக் கட்டியவன். அந்தக் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

காலையில் சரக்கறையின் மூடிகளைத் திறந்தார்கள். ஆட்கள் கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு டெக்கின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய இரும்புக் கூடு, அதற்குள் செங்குத்தாகக் கீழே போகும் ஏணி. கேப்டன் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்று, யாரும் இறங்கக் கூடாது என்றார். பச்சை மரம் மூடிய இடத்தில் கிடக்கும்போது காற்றில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும், மேலே மூடியைத் திறந்துவிட்டதால் சரக்கறை பரவாயில்லை, ஆனால் இந்த இரும்புக் கூட்டுக்குள் பழைய காற்று அப்படியே நிற்கும் என்றார். காற்றைச் சோதிக்கும் கருவி கப்பலிலேயே இருந்தது. ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டிய தவணை முடிந்துவிட்டது, அது காட்டுவதை நான் நம்ப மாட்டேன், கரையிலிருந்து வேறு கருவி கொண்டுவாருங்கள் என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் துறைமுகத்தில் அதை யாரும் அப்படிக் கேட்கவில்லை. வெளியே அடுத்த கப்பல் காத்திருந்தது. சரக்குக்காரர் எங்கள் மேனேஜரைப் பிடுங்கினார், மேனேஜர் என்னைப் பிடுங்கினார். ஜெபராஜ் போனில் எங்கள் மேனேஜரிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அந்த ஊர்க்காரங்க அப்படித்தான்ப்பா, மொதல்ல முறுக்குவாங்க, கேட்டுக்கிட்டே இரு, தானா இறங்கி வந்துடுவாரு என்றார்.

மணலியில் ஒரு கம்பெனியிடம் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் கேட்டேன். உடனே வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அன்றைக்கு எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. உங்களுக்கு அந்தச் சாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கரைக்கு இறங்கும் ஏணியின் பக்கத்தில் நின்று, வண்டி எங்கே இருக்கிறது என்று டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் ஜெபராஜ் இரண்டு தடவை கேப்டனிடம் போய்க் கேட்டுத் திரும்பிவிட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது கேப்டன் மேலே, கப்பலை ஓட்டும் அறைக்கு வெளியே இருக்கும் திறந்த நடையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். ஜெபராஜ் கீழே டெக்கில் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டார். இரும்புக் கதவைக் காட்டினார், தாஸின் ஆட்களைக் காட்டினார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, இறங்கலாமா என்று சைகையில் கேட்டார். கேப்டன் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே தலையை ஆட்டினார்.

ஜெபராஜ் தாஸிடம் திரும்பி, சரி சொல்லிட்டாரு என்றார். தாஸ் கயிற்றுச் சுருளை எடுக்கப் போனான். கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த குமார் முதலில் இறங்கினான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், முதலில் ஒரு சத்தம் கேட்டது, பிறகு தாஸின் குரல் கேட்டது. நான் ஓடிப் போனபோது கேப்டன் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார். மேலிருந்து எப்படி அவ்வளவு வேகமாக இறங்கினார் என்று தெரியவில்லை. இரும்புக் கதவின் இரண்டு பக்கச் சட்டத்தையும் கைகளால் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. தாஸ் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள கீறான். வுடுய்யா. என் தங்கச்சி புருசன் உள்ள கீறான்."

கேப்டனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் என்ன சொல்கிறான் என்பது யாருக்கும் புரியும். நோ, நோ என்று அவர் அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. தாஸின் ஆட்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஒருவன் கையில் மரம் புரட்டும் கடப்பாரை இருந்தது.

அந்த இடத்தில் நான் யார் பக்கம் நிற்பது என்பதை யோசித்து முடிவுசெய்தேன் என்று சொன்னால் பொய். நான் பார்த்தது ஒன்றுதான். குமார் பலசாலி. அவன் இறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தாஸ் கூப்பிடக் கூப்பிட உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை. அவனை அவ்வளவு சீக்கிரம் அடக்கிய ஏதோ ஒன்று அந்தக் கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. தாஸ் போனாலும் அது விடாது. தாஸ் போனால் அவனுக்குப் பின்னால் இன்னொருவன் போவான். நான் பின்பக்கமாகப் போய் தாஸின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"போனா நீயும் வரமாட்ட தாஸு. மூச்சு மெஷின் எடுத்துகினு வராங்க. நில்லு."

"அண்ணே, வுடு அண்ணே. என் தங்கச்சிக்கு நான் இன்னா சொல்லுவேன்."

அவன் திமிறினான், உதைத்தான், என் கையைக் கடித்தான். நான் விடவில்லை. கப்பலின் இரண்டாம் அதிகாரியும் இன்னொரு மாலுமியும் முதுகில் காற்று உருளை மாட்டி, முகமூடி போட்டு, இடுப்பில் கயிறு கட்டி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மட்டும் கேப்டன் வழிவிட்டார். அவர்கள் மாட்டிக்கொண்டு வர எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்று பிறகு பலர் கேட்டார்கள். எனக்கு அது தெரியாது. அந்த நேரம் முழுக்க தாஸின் இதயம் என் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் தெரியும்.

குமாரை மேலே தூக்கி வந்தார்கள். கேப்டன் அவரே மண்டியிட்டு, குமாரின் மார்பை அழுத்தி அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். ஆம்புலன்ஸ் வந்து, கொண்டுபோய், அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மருத்துவமனை நடையில் தாஸ் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"நீ எந்த ஊர்க்காரன் அண்ணே?"

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டான். அடக்கத்துக்குப் போனேன். குமாரின் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளைக்காரனோடு சேர்ந்துகொண்டு எங்கள் ஆளைத் தடுத்தவன் என்று தெருவில் என்னைப் பற்றிப் பேசினார்கள். என் மனைவி குழாயடியில் அதைக் கேட்டுவிட்டு வந்து, என்னிடம் சொல்லாமல் வைத்திருந்து, பல மாதம் கழித்துச் சொன்னாள்.

விசாரணை தொடங்கியது. கப்பலை நகர விடவில்லை. விசாரிக்க வந்தவர் ஒரு பெண் அதிகாரி, குரலை உயர்த்தாதவர். கேள்வி ஒன்றுதான்: இறங்கச் சொன்னது யார். கேப்டன், நான் கடைசிவரை கூடாது என்றுதான் சொன்னேன் என்றார். ஜெபராஜ், கேப்டன் சம்மதித்தார் என்றார். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். எல்லோரும் அவரவருக்குத் தோதான ஆளைப் பொய்யராக்கிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் என் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். காவல் நிலையத்தில், தெக்கத்தி ஆளுங்க கணக்குப் பாக்கறவங்க, நேரத்தை மிச்சம் பண்ண இறக்கிவிட்டிருப்பான் என்றார்கள். கப்பல் முதலாளிகளுக்காக வந்த வக்கீல், வடசென்னை ஆட்கள் சொல் பேச்சுக் கேட்காத முரடர்கள் என்பது ஊருக்கே தெரியும், அவன் தானாகத்தான் இறங்கியிருப்பான் என்று எழுதிக் கொடுக்கப் பார்த்தார். துறைமுகத்தில், பல்கேரியாக்காரனின் வீம்புதான் ஓர் உயிரை வாங்கியது, தாஸை விட்டிருந்தால் தூக்கி வந்திருப்பான் என்றார்கள். மூன்று பேரையும் பார்த்தே இராதவர்கள்கூட மூன்று பேரையும் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். ஊர்ப் பெயர் தெரிந்தால் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஜெபராஜ் ஒரு நாள் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்துபோயிருந்தார்.

"ஆண்டவர் மேல ஆணையா சொல்லுதேன் சார். அவரு தலைய ஆட்டுனாரு. ரெண்டு தடவ ஆட்டுனாரு. நான் பாத்தேன்."

அந்தக் கண்களைப் பார்த்தால் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. கேப்டனைப் பார்த்தாலும் அப்படித்தான். இரண்டு பேரும் உண்மை பேசினால் நடந்தது எப்படி நடந்திருக்க முடியும் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விசாரணையின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, எங்கள் எல்லோருக்கும் டீ வந்தது. அங்கே வேலை செய்யும் அம்மாள் தனியாகச் சர்க்கரைக் கிண்ணம் வைத்திருந்தார். அதிகாரி கேப்டனைப் பார்த்து, சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார். கேப்டன் களைத்துப்போயிருந்தார், பல நாள் தூங்காத முகம். வாயைத் திறக்காமல் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். அந்த அம்மாள் சர்க்கரை போடாமல் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். கேப்டன் கோப்பையைப் பார்த்தார். கொஞ்சம் குழம்பினார். பிறகு கையை நீட்டிக் கிண்ணத்தை இழுத்து, நிறையச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கொஞ்சம் நேரம் கேட்டு, அவரை வெளி வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். கேப்டன், உங்கள் வீட்டில், உங்கள் அம்மாவிடம், வாய் திறக்காமல் வேண்டாம் என்று சொல்வதென்றால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமலேயே அவர் செய்து காட்டினார். முகவாயைச் சட்டென்று மேலே தூக்கி இறக்கினார், இரண்டு தடவை. பார்ப்பவர்களுக்கு அது தலையாட்டல். நம் ஊரில் ஆமாம்.

அவர் செய்து முடித்த அந்த நொடியிலேயே அவருக்கும் விளங்கிவிட்டது. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அவர்கள் நாட்டில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும். கடலுக்கு வந்த காலத்திலேயே அதை மாற்றிக்கொண்டேன், வெளிநாட்டுக்காரர்களோடு இருக்கும்போது உங்களைப் போலத்தான் தலையாட்டுவேன், முப்பது வருடமாகத் தவறியதில்லை என்றார். அன்றைக்குப் போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தது அவர்கள் கம்பெனியில் இருந்த இன்னொரு பல்கேரியாக்காரர். பேசியதும் இதே விஷயம்தான்: ஆட்களை இறக்கு என்று அவர் வற்புறுத்த, முடியாது என்று இவர் தாய்மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வாய் தாய்மொழி பேசும்போது தலையும் தாய்மொழிக்குத் திரும்பிவிட்டது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மனிதனுக்குள் அவனுடைய நாடு இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் அதைத் தேடிய இடம் தப்பு. பிடிவாதத்தில் தேடினோம், கணக்குப் பார்ப்பதில் தேடினோம், முரட்டுத்தனத்தில் தேடினோம். அது ஒரு முகவாய் அசைவில் உட்கார்ந்திருந்தது. பிடிவாதக்காரர் மத்தியானத்துக்குள் இறங்கி வந்துவிடுவார் என்று ஜெபராஜுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். அதனால் அவர் தலை அசைந்ததும் ஜெபராஜ் இன்னொரு தடவை வாயால் கேட்டு உறுதிசெய்யவில்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வராந்தாவில் நாங்கள் நிற்கும்போதே வக்கீல் வெளியே வந்தார். கேப்டன் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். வக்கீலின் முகம் மாறியது. இதை நீங்கள் உள்ளே சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, யாரும் உங்களைக் கேட்கவில்லை, சொன்னால் பழி உங்கள் தலையில் வந்து விழும் என்றார். அவர் யாருக்கோ போன் செய்தார், சற்று நேரத்தில் என் போன் அடித்தது. எங்கள் மேனேஜர். கேப்டனைக் கொஞ்சம் அடக்கி வை, நாம் கப்பல் முதலாளியின் ஏஜென்ட் என்பதை மறந்துவிடாதே என்றார்.

அது உண்மை. நாம் முதலாளியின் ஆள்தான். நான் உள்ளது உள்ளபடி, எதையும் கூட்டாமல் குறைக்காமல், மேனேஜர் சொன்னதைக் கேப்டனிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்றார்.

"என்னைக் கேட்காதீர்கள் கேப்டன். செத்தவன் என் தெருக்காரன்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஜெபராஜ் அங்கே உட்கார்ந்திருந்தார். கேப்டன் அதிகாரியிடம், இவர் பொய் சொல்லவில்லை, நான் தலையாட்டியது உண்மை, என் நாட்டுக்காரர்கள் கூடாது என்று சொல்லும் விதத்தில் ஆட்டினேன், அதை இவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டது நியாயம்தான் என்றார். எழுந்து நின்று செய்தும் காட்டினார். ஜெபராஜ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

மேனேஜர் அன்று சாயங்காலம் என்னைப் பார்த்துச் சொன்னார்: பல்கேரியாக்காரன் பிடிவாதத்தைப் பாத்தியா, எவ்வளவு சொல்லியும் கேக்கலையே. கதவை மறித்து நின்றதற்கும் அதே சொல், தன் மேல் பழி வரும் என்று தெரிந்தும் உண்மை பேசியதற்கும் அதே சொல். நான் அவரோடு வாதாடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஒரு மனிதனுக்குச் சூட்டும்போது எனக்கு வாய் கூசும்.

குமார் தானாக இறங்கினான் என்ற பேச்சு அதோடு போயிற்று. அவன் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஜெபராஜ் மேல் போட இருந்த வழக்கின் கடுமை குறைந்தது. ஆனாலும் அவர் துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. பிடிக்காது என்று விட்டு வந்த கல்லாவிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். கேப்டனை அவருடைய கம்பெனி வேலையிலிருந்து எடுத்துவிட்டது.

அவரை விமான நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். பேசின் பிரிட்ஜைத் தாண்டினோம். பிறகு நான் கேட்டேன். அன்றைக்கு அத்தனை பேர் சூழ்ந்து நின்றும் நீங்கள் அசையவில்லையே, அது உங்கள் நாட்டுச் சுபாவமா என்றேன். அவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அந்தக் கேள்வியைத்தான் கேட்க வந்தது பாருங்கள்.

அவர் லேசாகச் சிரித்தார். எங்கள் ஊர் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது, அக்கரையில் வேறு நாடு, அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று நாங்கள் சொல்வோம், எங்களைப் பற்றி அவர்கள் அதையே சொல்வார்கள் என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, வாலிப வயதில் ஒரு கப்பலில் நடந்ததைச் சொன்னார். இதே மாதிரி ஒரு கதவு. ஒருவன் விழுந்தான், அவனைத் தூக்க இன்னொருவன் போய் விழுந்தான். மூன்றாவதாகப் போக வேண்டியவர் ஸ்தோயன்.

"நான் போகவில்லை. பயத்தில் கால் அசையவில்லை. அது உறுதி இல்லை, வெறும் பயம். பின்னால் எல்லோரும் அதற்கு உறுதி என்று பெயர் வைத்தார்கள், நானும் மறுக்காமல் விட்டுவிட்டேன். அந்த இரண்டு பேரில் ஒருவன் என் நண்பன். அன்று முதல் அந்த மாதிரிக் கதவைக் கண்டால் நான் இப்படித்தான்."

இவ்வளவுதான் அவர் சொன்னார். கலாச்சாரமா, வளர்ப்பா, இரத்தமா என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு மனிதன் ஓரிடத்தில் அசையாமல் நின்றால், அவனுக்கு முன்னால் அங்கே யார் விழுந்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

தாஸ் என்னோடு பேசாமலேயே வருடங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் ஒரு பக்கம் உட்கார்ந்தால் அவன் மறுபக்கம் போய்விடுவான். வேலையில் சேர்ந்து நிற்க நேர்ந்தால் மூன்றாவது ஆள் வழியாகப் பேசுவான். அவனைத் தடுத்து நிறுத்தியது தப்பு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் சரியைச் செய்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால், மறுபடியும் ஒரு மரக் கப்பல் வந்தது. கொரியக் கேப்டன், இளைஞர், மரியாதையானவர். காலையில் எனக்குப் போன் செய்தார். குரலில் எரிச்சல். எங்கள் அதிகாரி காற்றைச் சோதித்துவிட்டார், எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் உங்கள் மேஸ்திரி ஆட்களை இறக்க மாட்டேன் என்கிறார், அவருக்கு முன்னால், ஏணியின் அடிவரைக்கும் கருவியை இறக்கிக் காட்ட வேண்டுமாம், மெட்ராஸ்காரர்கள் எல்லோரும் இப்படித்தானா என்று கேட்டார்.

நான் போனேன். இரும்புக் கதவை மறித்து, ஒரு கயிற்றுச் சுருளின் மேல் தாஸ் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. அவனுடைய ஆட்களே அவனைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். கம்பெனி ஆள் ஒருவர் அவனுக்கு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவனிடம் எதுவும் பேசவில்லை. கேப்டனிடம் போய், அவர் கேட்டபடி செய்துவிடுங்கள், இங்கே ஒருவர் இறந்தபோது அவர் பக்கத்தில் இருந்தார் என்று மட்டும் சொன்னேன். அந்த இளைஞர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு தாஸிடம் போனார்.

கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கினார்கள். தாஸ் குனிந்து எண்களைப் பார்த்தான். காற்று நன்றாகத்தான் இருந்தது. முதலில் சொன்னதே சரி. அரை நாள் வேலை போயிற்று, கம்பெனி ஆள் முணுமுணுத்தார், ஆட்கள் சிரித்தார்கள். தாஸ் எதையும் காதில் வாங்காமல் எல்லோருக்கும் முன்னால் அவனே இறங்கினான். அடியில் போய் நின்று குரல் கொடுத்த பிறகுதான் அடுத்த ஆளை இறங்கவிட்டான்.

மத்தியானம் நான் கரைக்கு இறங்கக் கிளம்பியபோது, கிரேன் நிழலில் உட்கார்ந்து அவன் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். நான் கடந்து போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாப்டியா அண்ணே?"

நான் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"இல்ல தாஸு" என்றேன். அவன் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டான்.